ஸ்டீன்பெக்கின் இரண்டு வண்டிகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாலினாஸ் என்றோர் ஊர் உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1902-ஆம் ஆண்டு பிறந்த ஊர். அங்கே 1998-இல் திறக்கப்பட்ட தேசிய ஸ்டீன்பெக் மையத்தில் பச்சை நிறப் பிக்கப் வண்டி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் முதுகில் ஒரு சிறிய வீடு அமர்ந்திருக்கிறது. வண்டியின் பெயர் ரோசினாந்தே. செர்வாந்தெஸ் படைத்த டான் குவிக்ஸாட் என்னும் வீரன் ஏறித் திரிந்த எலும்புக் குதிரையின் பெயர்தான் அது.

1960-ஆம் ஆண்டு, தம் 58-ஆவது வயதில், ஸ்டீன்பெக் இந்த வண்டியில் நாடு சுற்றினார். அப்பயணத்திலிருந்து 1962-இல் 'டிராவல்ஸ் வித் சார்லி' என்னும் நூல் பிறந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். நூலைப் பற்றி எழுதியவர்கள் பலர். வண்டியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஓர் எழுத்தாளர் தம் பயணத்துக்கு எத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுத்தார், அதில் என்னென்ன ஏற்றினார், ஏன் ஏற்றினார் என்று பார்த்துக்கொண்டே போனால், அவர் எழுதிய நூலைப் பற்றியும் சில செய்திகள் புலப்படுகின்றன. அந்த வழியில் சற்றே நடந்து பார்ப்போம்.

வண்டியில் உறங்கும் வழக்கம்

வண்டியில் சமைத்து, வண்டியில் உறங்கி, ஆற்றோரத்தில் தூண்டில் போடும் வழக்கம் அமெரிக்கருக்கு ஸ்டீன்பெக் காலத்தில் புதிதன்று. ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் 1908-இல் வெளிவந்தபின் நடுத்தரக் குடும்பங்களும் கூடாரத்தைச் சுருட்டிக் காரில் கட்டிக்கொண்டு புறப்பட்டன. ஃபோர்டும், விஞ்ஞானி எடிசனும், டயர் உற்பத்தியாளர் ஃபயர்ஸ்டோனும், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் சேர்ந்து 1910-களின் பிற்பாதியில் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்க வகையில் காட்டுப் பயணங்கள் சென்றனர். அவர்களுடைய கார்களின் பின்னால் சமையலுக்கென்றே அமைத்த வண்டி ஒன்று வந்தது. அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் அதிலேயே பொருத்தப்பட்டிருந்தன. 1921-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் மேரிலாந்தில் அவர்கள் அடித்த முகாமுக்கு வந்து தங்கினார்.

1925-இல் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரின் பின்புறத்தில் திறந்த சரக்குப் பெட்டி பொருத்தி, அதைப் பிக்கப் என்ற பெயரிலேயே விற்பனைக்கு விட்டது. விலை 281 டாலர். பண்ணைக்காரருக்கென உருவான இந்த வண்டி, விடுமுறை நாளில் மீன்பிடிக்கச் செல்பவரின் வண்டியாகவும் ஆயிற்று. பெட்டிக்குள் மெத்தையைப் போட்டால் படுக்கையறை, அடுப்பை வைத்தால் சமையலறை.

இந்த மரபுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1930-களில் பெருமந்தமும் புழுதிப் புயல்களும் ஓக்லஹோமா போன்ற மாநிலங்களின் உழவர்களை நிலத்தைவிட்டு விரட்டின. அவர்களும் வண்டியில்தான் உறங்கினார்கள். ஃபோர்டின் கூட்டத்தார் விரும்பிப் போனார்கள். இவர்களோ வேறு போக்கிடம் இல்லாமல் போனார்கள். ஸ்டீன்பெக்கின் முதல் வண்டி இந்த இரண்டாம் கூட்டத்தாரைத் தேடிப் போயிற்று.

1936: ரொட்டிக்கடை வண்டி

1936-ஆம் ஆண்டு 'சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழ், கலிஃபோர்னியாவின் பண்ணைகளுக்கு வந்து குவிந்த ஏதிலித் தொழிலாளர்களைப் பற்றிக் கட்டுரைத் தொடர் எழுதும்படி ஸ்டீன்பெக்கைக் கேட்டது. அவருக்கு அப்போது வயது 34. போவதற்கு அவர் தேர்ந்த வண்டி, ரொட்டி விற்கப் பயன்பட்ட பழைய வண்டி. இரட்டைக் கதவு, ஓடும்போது கடகடவென்று ஆடும், தரையில் ஒரு மெத்தை. பிற்காலத்தில் அவரே தம் நூலின் தொடக்கப் பகுதியில் இதை நினைவுகூர்கிறார். மக்கள் எங்கே நின்றார்களோ, எங்கே கூடினார்களோ அங்கே தாமும் வண்டியை நிறுத்திக் கேட்டும் பார்த்தும் உணர்ந்தும் நாட்டை அறிந்ததாகவும், அந்தச் சித்திரத்தில் பிழை இருந்தால் அது தம் குறையால் நேர்ந்ததே என்றும் சொல்கிறார்.

அவ்வண்டியில் அவர் சென்ற இடங்களுள் ஒன்று, ஆர்வின் என்ற ஊருக்கு அருகில் மத்திய அரசு நடத்திய தொழிலாளர் முகாம். வீட்பேட்ச் முகாம் என்று மக்கள் அதை அழைத்தனர். அதன் மேலாளர் டாம் காலின்ஸ் முகாமின் அன்றாட வாழ்வை விரிவான அறிக்கைகளாக எழுதி வந்தவர். அவருடைய தோழமையும் அறிக்கைகளும் ஸ்டீன்பெக்குக்குப் பெருந்துணையாயின. அவ்வாண்டு அக்டோபரில் 'தி ஹார்வெஸ்ட் ஜிப்சீஸ்' என்ற தலைப்பில் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில், சாலையோரக் குடியிருப்பில் வாழும் மூன்று குடும்பங்களை வரிசையாகக் காட்டுகிறார். முதற்குடும்பம் அட்டைக் காகிதத்தால் வீடு கட்டியிருக்கிறது. இரண்டாவது, கிழிந்த கூடாரத்தில் இருக்கிறது. மூன்றாவதற்குக் கிளைகளும் குப்பையில் பொறுக்கிய துண்டுகளுமே சுவர். வறுமைக்குள்ளும் படிகள் உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாகக் காண்பதற்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்திருக்க வேண்டும்.

அந்தப் பயணங்களின் விளைச்சல்தான் 1939-இல் வெளிவந்து 1940-இல் புலிட்சர் பரிசு பெற்ற 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல். அதன் காணிக்கையில் உள்ள இரு பெயர்களுள் ஒன்று டாம், காலின்ஸைத்தான் குறிக்கிறது. அந்த நாவலிலும் ஒரு வண்டி நடுநாயகமாக நிற்கிறது. ஜோட் குடும்பத்தார் ஹட்சன் கார் ஒன்றை வாங்கி, பின்புறத்தை வெட்டி டிரக்காக மாற்றுகின்றனர். பன்றிகளை அறுத்து உப்பிட்டுப் பீப்பாயில் அடைக்கின்றனர். எதைக் கொண்டுபோவது, எதை விட்டுச்செல்வது என்பதே அங்கு பெருந்துயரம். வண்டியைத் தேர்ந்து வந்த இளையவன் ஆல், எஞ்சினின் ஒவ்வோர் ஓசைக்கும் செவியைத் தீட்டிக்கொண்டு ஓட்டுகிறான். வழியில் வண்டி நின்றால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும். பழி அவன் தலையில் விழும். பழைய கார் விற்பவர்களின் தந்திரங்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார் ஸ்டீன்பெக். வண்டியைத் தேர்ந்தெடுப்பது ஏழைக்கு உயிர்ப்பிரச்சினை என்பதை அவர் அறிந்திருந்தார்.

1960: ரோசினாந்தே

இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்தன. ஸ்டீன்பெக் புகழும் பொருளும் பெற்று, நியூயார்க்கிலும் லாங் ஐலண்டின் ஸாக் ஹார்பரிலும் வாழ்ந்தார். உடல்நலம் குன்றியிருந்தது. அமெரிக்காவைப் பற்றி எழுதுகிற தாம் அந்த நாட்டை இருபத்தைந்து ஆண்டுகளாக நேரில் அறியவில்லை என்ற எண்ணம் அவரை உறுத்தியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த இருபத்தைந்து ஆண்டு, ரொட்டிக்கடை வண்டியின் காலத்தில் போய் முடிகிறது. இழந்துவிட்டதாக அவர் கருதிய நாடு, அந்த மெத்தையும் இரட்டைக் கதவும் காட்டிய நாடுதான்.

விடுதிகளில் தங்கிச் செல்வதை அவர் விரும்பவில்லை. விடுதிப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் பெயர் வெளிப்படும். பெயர் வெளிப்பட்டால் மக்கள் தம்மிடம் இயல்பாகப் பேசமாட்டார்கள் என்று எண்ணினார். ஆமையைப்போல வீட்டை முதுகில் சுமந்து திரிய வேண்டும் என்பது அவர் திட்டம். எனவே டிரக் தயாரிக்கும் பெரிய நிறுவனத்தின் தலைமையகத்துக்கே கடிதம் எழுதி, தம் தேவையைத் தெரிவித்தார். முக்கால் டன் பிக்கப் வேண்டும். கரடுமுரடான வழியிலும் போக வேண்டும். அதன்மேல் சிறு படகின் அறையைப்போல ஒரு வீடு அமைய வேண்டும். ட்ரெய்லரை அவர் வேண்டாம் என்றார். மலைப்பாதையில் இழுத்துச் செல்வது கடினம், நிறுத்த இடம் கிடைப்பது அரிது, பல கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டது என்பன அவர் காரணங்கள்.

படகின் அறை என்ற எண்ணம் வெறுமனே வந்ததன்று. 1940-இல் தம் நண்பர், கடலுயிர் ஆய்வாளர் எட் ரிக்கெட்ஸுடன் 'வெஸ்டர்ன் ஃபிளையர்' என்ற மீன்பிடிப் படகில் ஆறு வாரம் கலிஃபோர்னியா வளைகுடாவைச் சுற்றியவர் அவர். சொந்தப் படகும் வைத்திருந்தார். குறுகிய இடத்தில் ஒவ்வொரு பொருளும் ஆடாமல் அசையாமல் தனக்குரிய இடத்தில் இருக்க வேண்டும் என்னும் படகோட்டியின் ஒழுங்கு அவருக்குப் பழக்கமானது.

ஆகஸ்டில் வண்டி வந்தது. ஜி.எம்.சி. நிறுவனத்தின் 1960-ஆம் ஆண்டுப் பிக்கப். மேலே மிச்சிகனில் செய்யப்பட்ட வோல்வரின் முகாம் வீடு. உள்ளே இருவர் படுக்கும் கட்டில், நான்கு வாய் அடுப்பு, வெப்பமூட்டி, குளிர்பதனப் பெட்டி, விளக்குகள் இருந்தன. அடுப்பும் வெப்பமூட்டியும் குளிர்பதனப் பெட்டியும் விளக்குகளும் பியூட்டேன் எரிவாயுவில் இயங்கின. இரசாயனக் கழிப்பறையும் அலமாரிகளும் உண்டு. பூச்சிகள் புகாதபடி சன்னல்களுக்கு வலை. பயணத்தைக் கேள்விப்பட்ட நண்பர்கள் கேலி செய்யவே, அந்தக் கேலியை ஏற்றுக்கொள்வதுபோல வண்டிக்கு ரோசினாந்தே என்று பெயரிட்டு, பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய எழுத்துமுறையில் பக்கவாட்டில் எழுதுவித்தார். வழியில் எவரும் அப்பெயரைப் பற்றிக் கேட்கவில்லை என்று நூலில் குறிப்பிடுகிறார்.

ஏற்றிய பொருள்களும் தூண்டில்களும்

அடுத்து அவர் ஏற்றிய பொருள்களைப் பார்ப்போம். கருவிகள், உதிரிப் பாகங்கள், தகர டப்பாக்களில் அடைத்த உணவு, மதுப் புட்டிகள், எழுதுபொருள்கள், அகராதிகள் முதலிய நோக்கு நூல்கள், நெடுநாளாகப் படிக்க எண்ணிப் படிக்காமல் விட்ட புத்தகங்கள். எல்லாமே தேவைக்கு மிஞ்சிய அளவில் இருந்தன என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நெடுநாள் படிக்காமல் விட்ட நூலைப் பயணத்தில் படித்துவிடலாம் என்ற மயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு!

பட்டியலில் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பவை துப்பாக்கிகளும் தூண்டில்களுமே. வேட்டையாடும் வயதைத் தாம் கடந்துவிட்டதாகவும், வாணலிக்கு வராத எதையும் கொல்வதில்லை என்றும் சொல்லும் ஸ்டீன்பெக், அவற்றை ஏன் எடுத்துச் சென்றார்? அவர் சொல்லும் காரணம் நுட்பமானது. நடுவயது கடந்த ஒருவர் நாயோடு தனியாகச் சுற்றினால் ஊர் ஐயப்படும். மீன்பிடிக்கப் போகிறேன், வேட்டைக்குப் போகிறேன் என்றால் ஐயம் நீங்கும்; பாராட்டும் கிடைக்கும். ஆகவே ரோசினாந்தேயில் தூண்டிலின் முதன்மைப் பணி, கேட்பவர்க்கு விடை சொல்வது. உலகறிந்த எழுத்தாளர் மீன்பிடிப்பவர் வேடம் புனைந்தார். வேடத்துக்குரிய அணிகலன்களாகத் தூண்டில்கள் அமைந்தன.

வேடம் பலித்தது. பத்தாயிரம் மைலுக்கு மேல், முப்பத்துநான்கு மாநிலங்களில் ஒருவரும் தம்மை அடையாளம் காணவில்லை என்று எழுதுகிறார். வேறொன்றும் நிகழ்ந்தது. வண்டியைப் பார்த்தவர் எல்லாரும் தாமும் வர விரும்பினர். புறப்படுமுன்னரே ஸாக் ஹார்பரில் ஒரு சிறுவன் நாள்தோறும் வந்து நின்று, எந்த வேலையும் செய்கிறேன், அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டானாம். ஆயினும் வண்டி ஒருவருக்கும் ஒரு நாய்க்குமாகவே அமைந்திருந்தது.

வழியில்

செப்டம்பர் மாதம் டோனா என்னும் சூறாவளி லாங் ஐலண்டைத் தாக்கியது. அது கடந்தபின் செப்டம்பர் 23-ஆம் நாள் ஸ்டீன்பெக் சார்லி என்ற பூடில் நாயுடன் புறப்பட்டார். வழியில் வண்டியின் வசதிகளைப் பலவாறு பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று பயண நூல்களிலேயே புகழ்பெற்றது: மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்றில் நீரும் சோப்பும் அழுக்குத் துணியும் இட்டு, நீள்கயிற்றால் தொங்கவிட்டார். சாலையின் ஆட்டத்தில் துணி தானே துவைபட்டது!

வண்டி விருந்தோம்பவும் உதவிற்று. மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த பிரெஞ்சு மொழிக் குடும்பத்தாரை அழைத்து, அந்தச் சிறு அறையில் அமர்த்தி மது வழங்கினார். பண்ணைக்காரர் ஒருவர் வந்து அவருடன் காப்பி அருந்திப் பேசினார்.

சுமையும் தன் வேலையைக் காட்டிற்று. ஓரிகான் மாநிலத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயர் வெடித்தது. மிகைச்சுமைக்கென்று பொருத்திய பெரிய டயர். அந்த அளவு டயர் எளிதில் அகப்படுவதன்று. மறுபக்கத்து டயரும் வெடிக்கும் நிலையில் இருந்தது. சேற்றில் படுத்து டயர் மாற்றியவரைக் காப்பாற்றியவர் சிற்றூரின் பெட்ரோல் நிலையக்காரர். பார்வைக்கு முரட்டு மனிதர். ஞாயிற்றுக்கிழமையிலும் பல இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி டயர்களை வரவழைத்துக் கொடுத்தார். நூலில் மனித நேயம் தூக்கலாகத் தெரியும் பக்கங்களுள் இது ஒன்று. வண்டியில் எல்லாம் இருந்தபோது அமையாத உறவு, ஒன்று இல்லாமற்போனபோது அமைந்தது. 'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்ற நம் பழமொழியை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

ஐயமும் விடையும்

நூல் வெளிவந்து அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வழக்கு எழுந்தது. பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010-ஆம் ஆண்டு ஸ்டீன்பெக்கின் வழியே பயணம் செய்து, கடிதங்களையும், நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியையும் ஆராய்ந்தார். ஸ்டீன்பெக் தனித்திருந்த நாள்கள் நூல் காட்டுவதைவிடக் குறைவு. மனைவி எலெய்ன் பயணத்தின் கணிசமான பகுதியில் உடனிருந்தார். பல இரவுகள் விடுதிகளில் கழிந்தன. சில உரையாடல்கள் புனைவாகவே இருக்க வேண்டும் என்பன அவர் முடிவுகள். 2012-இல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், ஸ்டீன்பெக்கின் வரலாற்றை எழுதிய ஜே பாரினியும் இந்நூலை எழுத்துக்கு எழுத்து உண்மையாகக் கொள்ளலாகாது, இது நாவலாசிரியரின் படைப்பு என்று குறிப்பிட்டார்.

இச்செய்தி பல வாசகர்களை வருத்தியது. நம்மையும் வருத்தியது என்றே சொல்லவேண்டும். பயண நூலில் வாசகர் ஆசிரியரின் கண்ணை நம்பித்தான் அவர் பின்னே நடக்கிறார். ஆயினும் வண்டியின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் பெருவியப்பில்லை. பயணமே ஒரு வேடத்துடன் தொடங்கியது. தூண்டில் மனிதரின் தோற்றத்தை வழிப்போக்கர்க்காகப் புனைந்தவர், தனித்த பயணியின் தோற்றத்தை வாசகர்க்காகப் புனைந்தார். முதல் வேடத்தை நமக்குச் சொன்னவர், இரண்டாவதைச் சொல்லவில்லை. குறை அதில் உள்ளது.

நூலின் இறுதிப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதைக்கொண்டே நூலை மதிப்பிடவேண்டும் என்பது நம் கருத்து. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி சேர்ந்தாள். அதுவரை வெள்ளையர்க்கு மட்டுமாயிருந்த பள்ளி. நாள்தோறும் வாயிலில் ஒரு கூட்டம் நின்று அக்குழந்தையை வசைபாடியது. அதைக் காண ஸ்டீன்பெக் சென்றார். நியூயார்க் எண்பலகையுடன் ரோசினாந்தே அங்கே போனால் கண்ணை உறுத்தும் என்பதால், வண்டியையும் சார்லியையும் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, வாடகைக் காரில் ஏறிப்போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அங்கே கண்டதையும் கேட்டதையும் எழுதிய பக்கங்களில் கேலி இல்லை, சுவையான உரையாடல் இல்லை. காவலர் சூழ வரும் சின்னஞ்சிறு உருவமும் கூட்டத்தின் வெறியும் மட்டுமே இருக்கின்றன. 1936-இல் அட்டை வீட்டின் முன் நின்ற அதே கண்கள் அங்கே மீண்டும் திறந்ததாக நமக்குத் தோன்றுகிறது.

இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ரொட்டிக்கடை வண்டியில் மெத்தையைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. எனவே அதிலிருந்தவர் இறங்கியே ஆகவேண்டும். இறங்கிய இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். ரோசினாந்தேயில் எல்லாம் இருந்தது. இறங்கவேண்டிய தேவை குறைந்தது. நோயும் முதுமையும் புகழும் சுமந்த மனிதர் அப்படியொரு வண்டியைத் தேர்ந்ததில் தவறு காண நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் தேடிப்போன நாடு, வண்டியின் வலையடித்த சன்னலுக்கு வெளியே இருந்தது. அங்கே அவர் வண்டியைவிட்டு இறங்கிச் சென்ற ஒரு காலைப்பொழுது, பதினோரு வாரப் பயணத்துக்கும் ஈடு செய்துவிட்டது.